கடலில் மட்டும் நடந்த பிள்ளைகள்

பெற்றோல் வரிசைகளும் மின்வெட்டும் ஓய்ந்து, கொழும்பு கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கியிருந்த நேரம். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில், ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்த சம்பவம் இது. பெரிய விபத்து ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் காப்பாற்றவும் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பிறகு என் தொழிலை நான் செய்கிற விதம் மாறிப்போனது.

நான் வெள்ளவத்தையில் இருப்பவன். தொழில் கணிய அளவையாளர். எல்லோரும் சொல்வது கியூ.எஸ். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி, என்ன செலவு என்று முன்கூட்டியே சொல்லும் வேலை. நடைமுறையில், அழகாகக் கனவு காண்பவர்களிடம் போய் 'இந்தக் காசுக்கு இது நடக்காது' என்று சொல்லிவிட்டு வருவதுதான். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. கட்டடக் கலைஞர்கள் என்னைக் கண்டால் தேநீரை அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தச் சங்கத்தின் தலைவர் என் தெருக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், யாழ்ப்பாணத்து மனிதர். தமிழ் பேசும் சனங்கள் எங்கெங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள் என்று காட்டும் ஒரு சிறிய அருங்காட்சியகத்தைச் சங்கத்தின் மேல்மாடி மண்டபத்தில் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வடக்கிலிருந்து வந்தவர்கள், மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், மட்டக்குளியில் வலை போட்டவர்கள், கிராண்ட்பாஸில் கடை வைத்தவர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பலரிடம் கை நீட்டிக் கொஞ்சம் பணமும் சேர்த்துவிட்டார். அந்தப் பணத்துக்குக் காவல்நாயாக என்னைக் குழுவில் போட்டார். நானும் சரி என்றேன், குரைப்பதற்கு எனக்குச் சம்பளம் தேவையில்லை.

குழுவில் இன்னொருவர் டியூஷன் மாஸ்டர். வர்த்தகப் பாடம். கெட்டிக்காரர், பிள்ளைகள் அவரிடம் அலைமோதுவார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு வாகனக் கொட்டகையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பிந்தி வருகிற பிள்ளைகள் வெளியே மதகில் இருந்து எழுதுவார்கள். அவருக்கு அந்த மண்டபம் வேண்டும். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. குழு இரண்டாகப் பிரிந்து நின்றதால் தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"திறப்பு விழாவுக்கு முதல் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையளைக் கூப்பிட்டுக் காட்டுவம். அதுகள் விருப்பத்தோட நிண்டு பாத்தா மியூசியம். சுத்திப் பாத்திட்டு உடன வெளிய வந்தா, படங்களைப் படிக்கட்டுச் சுவரில கொழுவிப்போட்டு மண்டபத்தை மாஸ்டருக்குக் குடுப்பம்."

எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் மேசைகளையும் வாங்குப் பலகைகளையும் ஏற்றிவந்து மாடிப்படி முடிகிற இடத்தில் அடுக்கிவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் எங்கள் எல்லோரையும் விட அதிகமாகப் பயந்தவர் எங்கள் வடிவமைப்பாளர்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த பெண், வயது முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. அப்பாவும் அம்மாவும் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, இங்கே ஒற்றை அறையில் குடும்பம் நடத்தியவர்கள். வர்த்தகக் கண்காட்சிகளில் பிஸ்கட்டுக்கும் பெயின்டுக்கும் கூடாரம் வடிவமைக்கும் கம்பனி ஒன்றில் இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டு வந்திருந்தார். தன் பெயரில் செய்கிற முதல் வேலை இது. முதல் நாளே என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

"சார், இது சரியா வந்துச்சுன்னா நாலு பேரு கூப்பிடுவாங்க. சரி வரலன்னா நான் திரும்பிப் போய் பிஸ்கட் கூடாரந்தான் போடணும். அவங்க சேப்பாங்களான்னு கூடத் தெரியல."

பார்வையாளர் கையால் தொட்டு, இயக்கிப் பார்க்க ஏதாவது வேண்டும் என்பதில் குழுவில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. தலைவருக்குப் பெரிய தொடுதிரை வேண்டும். கனடாவில் இருக்கிற அவருடைய மகன், கண்ணில் மாட்டினால் பழைய கொழும்பு தெரிகிற கண்ணாடி ஒன்றைப் பற்றித் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். மாஸ்டர்கூட, மண்டபம் கிடைக்காமல் போனால் வினாவிடை இயந்திரமாவது வையுங்கள் என்றார்.

நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். பழுதானால் யார் திருத்துவது? நான் பார்த்த பல இடங்களில் தொடுதிரை கறுத்துப்போய், மேலே 'திருத்த வேலை' என்று தாள் ஒட்டியிருக்கும். தாளே மஞ்சளாகியிருக்கும். கரண்ட் போன பிறகும் மண்டபத்தில் பார்க்க ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது என் கட்சி. எனவே பணத்தில் பெரும்பங்கைச் சுவருக்கும், நல்ல வெளிச்சத்துக்கும், மூன்று மொழியில் ஒழுங்கான அச்சுக்கும், இரவல் வாங்கிய பொருட்களைப் பாதுகாக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் ஒதுக்கச் சொன்னேன். மீதியில் அரைகுறையாக மூன்று வேடிக்கை செய்வதைவிட, உருப்படியாக ஒன்று போதும்.

அந்த ஒன்றை வடிவமைப்பாளர் கண்டுபிடித்தார். சில கடைகளின் வாசலில் ஒரு பாய் போட்டிருப்பார்கள், ஆள் மிதித்தால் உள்ளே மணி அடிக்கும். அப்படிப்பட்ட பாய்களைப் புறக்கோட்டையில் மலிவாக வாங்கி, மண்டபத்தின் தரையில் பதித்து, மேலே கொழும்பின் வரைபடத்தை ஒரே விரிப்பாக அச்சடித்துப் போடுவது. உங்கள் ஊர் இருக்கும் இடத்தில் போய் நின்றால் சுவரில் அந்த ஊரின் படத்துக்கு வெளிச்சம் விழும், அந்த ஊர் ஆள் ஒருவரின் குரல் கதை சொல்லும். விலகினால் நின்றுவிடும். உடைய ஒன்றும் இல்லை. ஒரு பாய் பழுதானால் இன்னொன்றை மாற்றிவிடலாம்.

எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வடிவமைப்பாளரின் யோசனை எனக்கு இப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சும்மா கடந்து போகிறவர்களுக்கெல்லாம் குரல் எழும்பக் கூடாது என்று, சில விநாடிகள் தொடர்ந்து பாரம் இருந்தால் மட்டும் வேலை செய்கிற மாதிரி அவர் அமைத்தார். சின்னப் பிள்ளையின் பாரமும் போதும். பிறகு கைத்தொலைபேசியோடு ஊர் ஊராக அலைந்து குரல்களைப் பதிவு செய்துகொண்டு வந்தார். நான் என் பங்குக்குச் செலவைக் குறைத்தேன். வரைபடத்தின் ஒரு பக்கம் முழுவதும் கடல். அதற்கும் பாய் போட்டு, அலைச் சத்தம் வைக்க நினைத்திருந்தார். கடலில் யார் போய் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டு அதை வெட்டிவிட்டேன். தரையில் நடப்பதால் செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் வாசலில் விட வேண்டும் என்பதும் என் சட்டம்தான், மண் பட்டால் பாய் கெட்டுவிடும்.

வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் கூட்டம் தலைவரின் வெள்ளவத்தை வீட்டில் நடந்தது. வெள்ளைச் சுவரில் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார் வடிவமைப்பாளர். பாய் எங்கே இருக்கிறது என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு பாயின் மேலும் அந்த ஊரை அடையாளம் காட்டும் ஒரு படத்தை வரைந்திருந்தார். சில இடங்களில் கோயில், சில இடங்களில் தேவாலயம், கிராண்ட்பாஸில் பள்ளிவாசல், பௌத்தர்களின் பன்சலை ஒன்று, இடையிடையே சந்தை, பாலம், ரயில் நிலையம்.

அவ்வளவுதான், கூட்டம் சூடு பிடித்துவிட்டது. ரயில் நிலையத்தை எடுத்துவிட்டு எங்கள் மாரியம்மனைப் போடுங்கள் என்றார் குழுவிலிருந்த மட்டக்குளிக்காரர். தங்கள் மாதா கோயில் இல்லாத வரைபடத்துக்குத் தான் கை தூக்க மாட்டேன் என்றார் இன்னொருவர். தலைவர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட முருகன்ர கோபுரம் சின்னனாக் கிடக்கு. கொஞ்சம் பெருப்பிச்சு விடுங்கோவன்."

அவர் பெருப்பித்தார். சந்தையும் பாலமும் போய்விட்டன. கூட்டம் முடியும்போது அந்த வரைபடத்தில் கடவுள் இல்லாத பாய் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் கைதட்டி, வடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். நான் உட்பட அத்தனை பேரும் அந்தப் படத்தைச் சுவரில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு பாய்களைத் தரையில் பதித்துப் பரிசோதித்தோம். அச்சடித்த விரிப்பு வராததால், வெறும் கறுப்புப் பாய்களில் ஏறி ஏறி மிதித்தோம். வெளிச்சம் விழுந்தது, குரல்கள் கேட்டன. இந்த வயதில் நானும் ஒரு தடவை குதித்துப் பார்த்தேன். அச்சகத்தில் தாமதமாகி, பிள்ளைகள் வரப்போகிற அதே காலையில்தான் விரிப்பு வந்து சேர்ந்தது. ஆட்களை வைத்து அவசரம் அவசரமாக ஒட்டி முடித்தபோது கீழே பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது.

பிள்ளைகள் எல்லாம் பெண்பிள்ளைகள். அவர்களோடு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், கொஞ்சம் பருமனான, சிரித்த முகமுள்ள அம்மா. சப்பாத்துகளை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். விரிப்பைக் கண்டதும் "ஆ!" என்று ஒரு சத்தம். என் மனம் குளிர்ந்தது. வடிவமைப்பாளர் விளக்கினார். உங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடியுங்கள், அதன்மேல் போய் நில்லுங்கள், பிறகு பாருங்கள் என்ன நடக்கிறதென்று.

ஒன்றும் நடக்கவில்லை.

பிள்ளைகள் விரிப்பின் ஓரத்தில் வந்து, வாசற்படியில் நிற்பதுபோல நின்றார்கள். குனிந்து பார்த்தார்கள். விரலால் காட்டினார்கள். ஒருத்தியும் காலை எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு துணிச்சல்காரி கடலைக் கண்டுபிடித்தாள். மேற்குப் பக்கம் முழுவதும் நீல நிறம், அதில் ஒரு படமும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. அவள் இறங்கி நடக்க, மற்றப் பிள்ளைகள் பின்னால் வரிசையாகப் போனார்கள். மட்டக்குளியில் தொடங்கி, துறைமுகத்தைச் சுற்றி, வெள்ளவத்தையைத் தாண்டிக் கல்கிசை வரைக்கும் கடலால் நடந்து போய், திரும்பவும் கடலாலேயே வந்தார்கள். நான் பாய் போடாமல் வெட்டிய அதே கடல். மண்டபத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்டது.

"பரவால்ல, மிதிங்க. கோயில் மேலேயே நிக்கலாம். சும்மா படந்தானே" என்று வடிவமைப்பாளர் கெஞ்சத் தொடங்கினார்.

முன்னால் நின்ற பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மிஸ், நீங்க முதல்ல மிதிச்சுக் காட்டுங்களேன்?"

வடிவமைப்பாளர் காலைத் தூக்கினார். அவருக்கு முன்னால் இருந்தது ஒரு மாரியம்மன். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு பின்னால் வந்தது. அந்தப் படத்தை வரைந்தவர் அவர், வண்ணம் கொடுத்தவர் அவர். முகம் சிவந்து, கண் கலங்கி, என்னைப் பார்த்தார். 'நீங்களாவது மிதியுங்கள் சார்' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. வீட்டில் நடக்கும் பூசைகளுக்கே பெரும்பாலும் வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவேன். எனக்கு அது வண்ணம் அடித்த பிளாஸ்டிக், சதுர அடிக் கணக்கில் வாங்கிய பொருள். ஆகவே ஓரடி எடுத்து வைப்பதில் எனக்கு என்ன வந்தது? தலைவரின் முருகன் கோபுரம் எனக்கு முன்னால் இருந்தது, அதுவும் நன்றாகப் பெருப்பித்த கோபுரம். போய் மிதிக்க நினைத்தேன். கால் அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் சொல்லியும் கால் கேட்கவில்லை. சின்ன வயதில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோமே, அந்தப் பழக்கம் என் அறிவுக்கு எட்டாத எங்கேயோ உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது. எதற்கு வெட்கம் என்றுதான் புரியவில்லை.

தலைவர் நிலைமையைப் புரிந்துகொண்டார். அவருக்கு முருகனை விட வேறொரு பயமும் வந்துவிட்டது, இந்த நாட்டில் புத்தரை அவமதித்ததாகப் பெயர் வந்தால் சிறைதான்.

"உந்தப் பன்சலைப் படத்தில ஒராள் காலை வைச்சு, மற்றாள் அதைப் போனில எடுத்துப் போட்டா, நாங்கள் எல்லாரும் பொலிஸ் ஸ்டேஷனிலதான். கழட்டுங்கோ, முழுக்கக் கழட்டுங்கோ!"

மாஸ்டர் மண்டபத்தின் மறுபக்கத்தில் நின்று, அளவுநாடாவால் சுவருக்கும் யன்னலுக்கும் இடைத்தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளில் சிலர் வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வடிவமைப்பாளர் சுவரோடு சாய்ந்து நின்று அழுதேவிட்டார், சத்தமில்லாமல். மிஞ்சிய பணம் முழுவதும் அந்தத் தரையில் கிடந்தது. திருப்பி எடுக்க வழியில்லை. பரிதாபத்தோடு எரிச்சலும் வந்தது, எல்லோர் மேலும், முக்கியமாக மலிவு என்று துள்ளிய என் மேலும்.

அந்த நேரத்தில் ஆசிரியைதான் அந்தப் பெண்ணுக்கு இரங்கினார். "அழாதீங்க மிஸ். நான் நடந்து காட்டுறேன், இதுகள் பின்னால வரும்" என்று சொல்லிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரிப்பில் இறங்கினார். ஆனால் அவரும் கெட்டிக்காரி, கோயில்களை விட்டுவிட்டுத் தெருக்களிலேயே நடந்தார். காலி வீதியால் வந்து, கொச்சிக்கடைப் பக்கம் திரும்பும்போது, புதிதாக ஒட்டிய விரிப்பில் கால் சறுக்கியது. விழவில்லை. ஆனால் ஒரு கால் அந்தோனியார் கோயிலின் மேல் பட்டுவிட்டது. நெருப்பில் வைத்ததுபோல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ அந்தோனியாரே, மன்னிச்சுக்கங்க!"

அந்த அம்மா நெற்றியில் திருநீறு பூசியிருந்தவர். கொட்டாஞ்சேனையில் அதெல்லாம் ஒரு கணக்கில்லை, செவ்வாய்க்கிழமை என்றால் எல்லோரும் அந்தோனியாரிடம்தான். சிரமப்பட்டுக் குனிந்து, கால் பட்ட இடத்தைக் கையால் தொட்டார். பருமனான உடம்பு, குனிந்தவருக்கு உடனே நிமிர முடியவில்லை. அந்தக் கையையே ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. மண்டபம் முழுவதும் ஒரு கிழவியின் குரல் எழுந்தது. "செவ்வாக்கிழமையில எங்க ரோட்டுல பஸ்ஸே நகராது பிள்ள. நான் மெழுகுதிரி வித்துத்தான் மூணு புள்ளைங்களையும் படிக்க வச்சேன்..."

ஆசிரியை பயந்துபோய்க் கையை எடுத்தார். குரல் நின்றது. அவர் மறுபடியும் மெதுவாகக் கையை வைத்தார். கிழவி மீண்டும் பேசினார்.

பிறகு யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடலில் நின்ற பிள்ளைகள் அப்படியே முழந்தாளிட்டார்கள். தெருக்களில் புகுந்து, படுத்து, எட்டி, பக்கத்துப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டி அழுத்தினார்கள். மட்டக்குளி பேசியது, கிராண்ட்பாஸ் பேசியது, வெள்ளவத்தை பேசியது. ஐந்தாறு குரல்கள் ஒன்றோடொன்று கலந்து சந்தை இரைச்சலாகிவிட்டது. "இது எங்க மாமாட குரல்டி!" என்று ஒருத்தி கத்தினாள், அது உண்மையிலேயே அவளுடைய மாமாதான். வடிவமைப்பாளர் அழுதுகொண்டே சிரித்தார். கணக்குப் பார்க்கிறவனும் சேர்ந்து அழுவது நல்லதல்ல என்று நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தலைவர் மட்டும் ஓரத்தில் நின்று தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய முருகனை ஒரு சின்னப் பிள்ளை அழுத்த, சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவரின் குரல் கேட்டது. தலைவருக்கும் தொட்டுப் பார்க்க ஆசை, ஆனால் முழங்கால் விடவில்லை.

"தங்கச்சி, பிள்ளையளுக்குச் சரி. எங்களைப் போல ஆக்களுக்குக் குனிய ஏலாது. இதை மேல தூக்கேலாதோ?"

தூக்கலாம், ஆனால் எதில் வைப்பது? மேசை செய்யப் பணமில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் மாஸ்டரின் மேசைகள் கூரை வரைக்கும் அடுக்கப்பட்டிருந்தன.

மாஸ்டர் எங்களைப் பார்த்தார், மேசைகளைப் பார்த்தார், தரையில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களில் பாதிப்பேர் நாளைக்கு அவரிடம் படிக்க வரப்போகிறவர்கள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, விரிப்பின் பக்கத்தில் குந்தி, கையிலிருந்த அளவுநாடாவை மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் இழுத்தார்.

"கடலை வெட்டி எறிஞ்சா மேசையள் போதும்" என்றார். "ஆனா ஒண்டு. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மண்டபம் எனக்கு. மேசையும் எனக்கு. கரண்டை நிப்பாட்டிப்போட்டு, மேல ஒரு துணியை விரிச்சு, பிள்ளையள் அதில வைச்சு எழுதட்டும். சம்மதமோ?"

தலைவர் சம்மதம் என்று சொல்வதற்குக் குழுவைக் கூட்டவில்லை. வடிவமைப்பாளர் நேராகப் போய் மாஸ்டரின் மேசை ஒன்றின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.

திறப்பு விழாவுக்கு முன் கடலை வெட்டி எடுத்தோம். வரைபடத்தை ஊர் ஊராகப் பிரித்து மேசைகளில் பதித்தோம். பாய்களையும் கைக்கு ஏற்றபடி அவர் மாற்றியமைத்தார். கடல் இருந்த இடத்திலும் மேசைகளுக்கு இடையிலும் ஆட்கள் நிற்கிறார்கள். தரையில் இருந்திருந்தால் ஒவ்வொருவரும் தன் ஊரில் போய்த் தனியாக நின்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. மேசை என்பதால் எதிரெதிராக நிற்கிறார்கள், முகம் பார்க்கிறார்கள், நீங்கள் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்கிறார்கள். பதிவு செய்த குரல் முடிந்த பிறகும் கதை முடிவதில்லை. அதற்கு நாங்கள் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. வடிவமைப்பாளரை அதற்குப் பிறகு நாலு பேர் அல்ல, அதற்கு மேலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். சமயத்தில் என்னையும் கூட அழைத்துப் போகிறார், நான் குரைப்பேன் என்று தெரிந்துகொண்டே.

அண்மையில் போனபோது விரிப்பைக் கவனித்தேன். கைகள் பட்டுப் பட்டு வண்ணம் போய்விட்டது. அந்தோனியார் கோயில், கிராண்ட்பாஸ் பள்ளிவாசல், மாரியம்மன், பன்சலை எல்லாம் மங்கி, நடுவில் வெள்ளையாகத் தெரிகின்றன. புதிதாக அச்சடிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்று குழுவில் சொன்னேன். வழக்கமாக நான் பணம் வேண்டாம் என்பேன், அவர்கள் வேண்டும் என்பார்கள். அன்றைக்கு மாறி நடந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் வெளுத்தது தன் முருகன் கோபுரம்தான் என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். இல்லை, எங்கள் மாதாதான் என்றார் மாதா கோயிலுக்காக வாதாடியவர். அச்சடிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அந்தக் காலையிலிருந்து, என் மேசைக்கு வருகிற எந்த வரைபடத்தையும் சுவரில் பார்த்துவிட்டு நான் ஒப்புதல் கொடுப்பதில்லை. கையெழுத்துப் போடுமுன் அது அமையப்போகிற இடத்துக்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். என் கால் சம்மதிக்காத எதையும் இனி நான் மலிவு என்று சொல்ல மாட்டேன்.